கோஸ் பயிரைத் தின்னும் புழுக்களும் அவற்றை அடக்கும் வழிகளும்

ஓசூர், தளி, கெலமங்கலம், சூளகிரி முதலிய மேட்டுப் பூமிகளில் முட்டைக்கோஸ், பூக்கோஸ், நூக்கோல் ஆகிய காய்கறிகள் மிகுதியாகச் சாகுபடி செய்யப்பட்டு வருவதை யாவரும் அறிவர். ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதும், பெங்களூர்ச் சந்தை அருகில் இருப்பதும் இதற்குக் காரணங்களாகும். அம்மேட்டினின்றும் இறங்கி, ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப் பாதையில் உள்ள சாமல்பட்டிப் பக்கம் வந்தால் உஷ்ணம் அதிகம். அங்கு ராகி, நிலக்கடலை, மா முதலியனவே நெடுநாளைய வழக்கம். ஆயினும் வெப்பந் தாங்கும் கலப்பின விதைகள் கிடைக்கத் தொடங்கிய பின்னர், கிணற்றுப் பாசனமுள்ள சமவெளி நிலங்களிலும் பனிக்காலத்தில் கோஸ் பயிரிட்டுப் பார்க்கலாம் என்ற நிலை ஏற்பட்டுவிட்டது. அவ்வாறு பயிரிட முற்படுவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. குளிர்ந்த பூமியைவிட உஷ்ணமான பூமியில் இப்பயிரின் புழுக்கள் விரைவாக வளர்ந்து விரைவாகப் பெருகும். ஓசூர் விவசாயி எதிர்க்கும் சத்துருவையே சாமல்பட்டி விவசாயியும் எதிர்க்கிறாராயினும், இவருக்குக் கிடைக்கும் அவகாசம் அவருக்குக் கிடைப்பதிலும் குறைவு.

நாற்று நட்ட பத்தாம் நாளே மருந்துக் கடைக்குச் சென்று, "கோஸுக்குப் புழு மருந்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்கித் தெளிப்பதும், நான்கு நாள் கழித்து மறுபடியும் வேறொரு மருந்தைத் தெளிப்பதும், அறுவடைக்கு முந்திய நாள் வரையில் இதையே தொடர்ந்து செய்வதும் பல இடங்களில் வழக்கமாய் இருக்கின்றன. செலவு ஏறுகிறதேயன்றிப் புழு குறைவதில்லை என்னும் முறையீட்டையும் கேட்கிறோம். இது மருந்தின் குற்றம் மாத்திரமன்று. எந்தப் புழு என்று பாராமலும், எப்பொழுது என்று எண்ணாமலும் தெளிப்பதே பெருங்குற்றம். ஆகையால் இலைகளைப் புரட்டிப் பார்த்துப் புழுவை இனங் காணும் வழியை முதலிலும், மருந்தின்றியே பெரும்பகுதியை அடக்கக்கூடிய கடுகு வரிசை முறையைப் பின்னரும் இங்கே எடுத்துக் கூறுவோம்.

கடுகின் இனம்

கோஸ் வகைகள், முள்ளங்கி, டர்னிப், கடுகு ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இலையைக் கசக்கி முகர்ந்தால் தோன்றும் காரமான நெடி இக்குடும்பத்திற்கே உரியது. மற்றப் பூச்சிகள் பலவற்றை விலக்குவதற்காக அமைந்த இந்நெடியே கோஸ் பூச்சிகளுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறது. தாய்ப்பூச்சி இருளில் பறந்து வந்தாலும் இந்நெடியைக் கொண்டே தன் குஞ்சுகளுக்குரிய செடியைக் கண்டுபிடித்து முட்டையிடுகிறது. முள்ளங்கிப் பாத்தியில் தொடங்கிய புழு அடுத்த கோஸ் வயலுக்கு வருவதற்கும், பின்னர் சொல்லப்போகும் கடுகு வரிசை பயன்படுவதற்கும் காரணம் இதுவே.

வைரமுதுகுப் பூச்சி

கோஸ் பயிரின் பூச்சிகளுள் தலையாயது இதுவே. உலகில் கோஸ் பயிரிடப்படும் தேசங்களிலெல்லாம் இது பரவியுள்ளது. இந்தியாவில் இதைப் பற்றிய குறிப்பு, பூச்சி சாஸ்திர நிபுணர் பிளெட்சர் 1914 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே காணப்படுகிறது. நூறாண்டுகளுக்கு மேலாக நம்முடன் இருந்தும் இதைச் சரியாக அடையாளங் கண்டுகொள்வோர் சிலரே.

தாய்ப்பூச்சி ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமே உள்ள சிறிய சாம்பற் பழுப்பு நிற அந்து. அது இறக்கைகளை மடக்கி உட்கார்ந்திருக்கும்போது முதுகின்மேல் வெளுத்த வைர வடிவங்கள் மூன்று வரிசையாகத் தெரியும். பெயர்க் காரணம் அதுவே. பகலில் இலைக்கடியில் பதுங்கியிருந்து, செடியை அசைத்தால் சிறிது தூரம் பறந்து மறுபடியும் அடுத்த செடியில் ஒளிந்துகொள்ளும். அந்தி வேளையில்தான் கூடி முட்டையிடும். முட்டைகள் குண்டூசி முனையளவு, மஞ்சள் நிறம். இலையின் அடிப்புறத்தில் நரம்பையொட்டி ஒவ்வொன்றாகவோ இரண்டு மூன்றாகவோ இருக்கும். குவியலாக இருப்பதில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முட்டையினின்று வெளிவந்த புழு முதலில் இலையைத் துளைத்து உள்ளே சென்று சதைப்பற்றைத் தின்னும். அப்பொழுது இலையில் வெண்கோடு போன்ற தடம் மாத்திரம் தெரியும். பிறகு வெளியே வந்து அடிப்புறத்திலிருந்து இலையைச் சுரண்டித் தின்னும். மேல்தோல் மிஞ்சி நிற்பதால் இலையில் சன்னல் கண்ணாடி பதித்தாற்போல் வெண்மையான திட்டுகள் காணும். நாளடைவில் அவை கிழிந்து துளைகளாகும். நன்கு வளர்ந்த புழுவும் அரை அங்குலத்திற்கு மேற்படாது. வெளிர் பச்சை நிறம்; நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கிய உடல்; பின்முனையிலுள்ள இரு கால்கள் பிளவுபட்டு நீண்டு தோன்றும்.

இப்புழுவைக் கண்டுகொள்ள எளிதான சோதனை ஒன்றுண்டு. ஒரு துரும்பால் புழுவின் தலையைத் தொட்டால், அது துடித்துக்கொண்டு பின்னோக்கி நகரும். மறுபடியும் தொட்டால் மெல்லிய நூலைவிட்டு இலையினின்று கீழே தொங்கும். சற்றுப் பொறுத்து அந்நூலின் வழியாகவே மேலேறி வந்துவிடும். கோஸ் வயலில் இவ்விதம் நடந்துகொள்ளும் சிறு பச்சைப் புழு வைரமுதுகுப் புழுவே என்று கொள்ளலாம். முற்றிய புழு இலையிலேயே வலை போன்ற மெல்லிய கூடு கட்டிக்கொள்ளும். உள்ளிருக்கும் கூட்டுப்புழு வெளியே தெரியும்.

உஷ்ண காலத்தில் முட்டையிலிருந்து மறுபடியும் தாய்ப்பூச்சியாவதற்கு இரண்டு முதல் மூன்று வாரங்கள் போதும். குளிர் மிகுந்த இடங்களில் ஒரு மாதத்திற்கு மேலும் ஆகும். இந்த வேறுபாட்டின் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. வயலில் கோஸ் ஏறக்குறைய 80 முதல் 100 நாள் வரை நிற்கிறது. சமவெளியில் அதற்குள் நான்கு ஐந்து தலைமுறைகள் தோன்றிவிடும். ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டைகளில் 10 மாத்திரம் பெண் பூச்சிகளாகப் பிழைத்ததாக வைத்துக்கொண்டால், இரண்டாந் தலைமுறையில் 100, மூன்றாவதில் 1,000, நான்காவதில் 10,000 ஆகும். இது காகிதக் கணக்கே. மழையும், குளவியும், சிலந்தியும் இவ்வளவுக்கு இடங்கொடுப்பதில்லை. ஆயினும் முதற் தலைமுறையில் ஒன்றை அழிப்பது நான்காவதில் ஆயிரத்தை அழிப்பதற்குச் சமம் என்பது இக்கணக்கால் விளங்கும். மழையற்ற மாதங்களில் சேதம் மிகுவதும், பலத்த மழைக்குப் பின் புழு குறைவதும், சிறு புழுக்கள் நீரால் அடித்துச் செல்லப்படுவதால் நேர்வனவாகும்.

மற்ற மூன்று

இலை பிணைக்கும் புழு: இதன் முட்டைகள் மீன் செதில்கள்போல ஒன்றின்மேலொன்று படிந்து இலையின் அடிப்புறத்தில் திட்டாக இருக்கும். செந்நிறத் தலையும், உடலில் நெடுங்கோடுகளுமுள்ள புழுக்கள் கூட்டமாக இருந்து இலைகளை நூலால் பிணைத்து, நடுக்குருத்தையும் கோஸின் தலையையும் குடைந்து, எச்சத்தால் அசுத்தம் செய்துவிடும். ஒரே இடத்தில் கூட்டமாக இருப்பதால் இதற்கு மருந்தைவிடக் கையே சிறந்தது. முட்டைத் திட்டுள்ள இலையைக் கிள்ளி அழித்தால் ஒரு கூட்டமே ஒழிந்துபோகும்.

குருத்துத் துளைக்கும் புழு: நாற்றங்காலிலும் நட்ட சில வாரங்களிலும் வருவது. வெளிறிய உடலில் ஊதா கலந்த பழுப்புக் கோடுகள் இருக்கும். நடுக்குருத்தைக் குடைந்து, வாயிலை நூலாலும் எச்சத்தாலும் மூடிக்கொள்ளும். குருத்து அழிந்த செடி பக்கத்தில் பல கிளைகளை விட்டு, உபயோகமற்ற சிறு தலைகளைத் தரும். அல்லது ஒன்றும் தராது. சேதம் கண்ணுக்குத் தெரிந்த பின் மருந்தடிப்பதால் அச்செடி பிழைக்காது. நாற்றைப் பிடுங்கும்போதே ஒவ்வொன்றின் குருத்தையும் பார்த்து, குடையப்பட்டவற்றை நீக்கிவிட வேண்டும். வயலில் வைரமுதுகுப் பூச்சிக்கு மருந்தடித்தும் கோஸ் தலைகட்டவில்லை என்போர், பெரும்பாலும் நாற்றிலேயே இப்புழுவை வாங்கி வந்தவர்களாக இருப்பார்கள்.

புகையிலைப் புழு: புகையிலை, மிளகாய், நிலக்கடலை, ஆமணக்கு முதலிய பல பயிர்களுக்கும் பொதுவான சத்துரு. முட்டைக் குவியலின்மேல் தாய்ப்பூச்சியின் பழுப்பு நிற ரோமம் போர்த்தியிருக்கும். இளம் புழுக்கள் கூட்டமாக இலையைச் சல்லடையாக்கும். பெரியவை பகலில் மண்ணில் மறைந்து இரவில் தின்னும். நிலக்கடலை வயலையடுத்துக் கோஸ் வைப்போர் இதைத் தவறாமல் கவனிக்க வேண்டும். வரப்போரத்தில் ஆங்காங்கு ஆமணக்குச் செடி வைத்தால் பூச்சி அதன் அகன்ற இலைகளில் முட்டையிடும். வாரம் இருமுறை அவ்விலைகளைப் பார்த்துக் கிள்ளியெடுப்பது சிறுவர்க்கும் இயன்ற வேலை.

மருந்து ஏன் தோற்கிறது?

ஒரு வயலிலுள்ள புழுக்கள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. ஆயிரத்தில் ஒன்றிரண்டு, ஒரு குறிப்பிட்ட விஷத்தைத் தாங்கும் இயல்போடு பிறந்திருக்கும். அவ்விஷத்தைத் தெளித்தால் மற்றவை மடிய, அவை பிழைத்துத் தம்முள் கூடி இனத்தைப் பெருக்கும். மறுபடியும் அதே விஷத்தைத் தெளித்தால் தாங்குவனவற்றின் விகிதம் ஏறும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு தலைமுறையே உள்ள பூச்சியில் இம்மாறுதல் நிகழ நெடுங்காலம் செல்லும். ஆண்டுக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட தலைமுறைகள் தோன்றக்கூடிய வைரமுதுகுப் பூச்சியிலோ சில ஆண்டுகளிலேயே நிகழ்ந்துவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. டி.டி.டி. என்னும் விஷம் எல்லாப் பூச்சிகளையும் ஒழித்துவிடும் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 1953 ஆம் ஆண்டிலேயே, ஜாவாத் தீவிலுள்ள லெம்பாங் என்னுமிடத்தில் இப்பூச்சி அதைத் தாங்கி நிற்பது கண்டறியப்பட்டது. நம் தேசத்தில் பஞ்சாபிலுள்ள லூதியானாவில் டி.டி.டி., பாரத்தியான் ஆகிய இரண்டையும் அது தாங்குவது 1968 இல் வெளியாயிற்று. பின்னர், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவைத் தெளிக்கும் முறை வந்தது. இதற்கேனும் பூச்சி அடங்கும் என எதிர்பார்த்தனர். ஹவாய்த் தீவுகளில் இடைவிடாது தெளித்த வயல்களில் அதையும் தாங்கிய புழுக்கள் தோன்றியதை 1990 ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். வயலில் இந்தப் பாக்டீரியாவை எதிர்த்து நின்ற முதற் பூச்சி என்ற பெயரும் வைரமுதுகுப் பூச்சிக்கே உரியதாயிற்று. இந்த நூற்றாண்டில் வந்த குளோரன்ட்ரானிலிப்ரோல் முதலிய புதுவகை மருந்துகளும் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் நாடுகளில் வந்த சில ஆண்டுகளுக்குள் வலுவிழந்தன. புதுப்பெயருள்ள மருந்து கடைக்கு வந்தவுடன் முந்தியதைக் கைவிட்டு அதையே பயிர் முழுவதும் தெளிப்போர், இச்சரித்திரத்தைத் தம் வயலிலேயே மறுபடியும் நடத்திக்காட்டுகிறார்கள்.

மற்றொரு நஷ்டமும் உண்டு. புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகள் நம் வயல்களில் இயற்கையாகவே இருக்கின்றன. சமவெளிகளில் கோட்டீசியா என்னும் குளவி முக்கியமானது. செத்த புழுவின் அருகில் அரிசி நொய் போன்ற வெண்ணிறச் சிறு கூடு தென்பட்டால் அது இக்குளவியின் வேலையாகும். அதை நசுக்கலாகாது. விஷத்தைத் தாங்கும் திறன் புழுவுக்கு வந்ததேயன்றி இக்குளவிக்கு எளிதில் வருவதில்லை. ஆகவே அடிக்கடி மருந்தடித்த வயலில் சத்துரு மிஞ்சி மித்திரன் மடிகிறான். நீலகிரியில் டயடெக்மா என்னும் வேறொரு குளவியைக் கொணர்ந்து விட்டதில், அது அங்கே நிலைபெற்று நல்ல பலன் தந்துள்ளது. ஆனால் அது குளிர்ச்சியை விரும்புவது. சாமல்பட்டி போன்ற உஷ்ணப் பிரதேசத்தில் அதை விலைகொடுத்து வாங்கி விடுவதால் பலனை எதிர்பார்க்க இயலாது.

கடுகு வரிசை

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் சீனிவாசன், கிருஷ்ணமூர்த்தி என்னும் இரு அறிஞர்கள் கோஸ் வயலினூடே கடுகை விதைத்துச் சோதனை செய்து, முடிவை 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். தாய்ப்பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகின்மேல் விருப்பம் அதிகம். இரண்டும் அருகருகே இருந்தால் பெரும்பாலும் கடுகிலேயே முட்டையிடும். இலை பிணைக்கும் புழு, குருத்துத் துளைக்கும் புழு, அசுவினி ஆகியவையும் கடுகை நாடுகின்றன. ஹெசரகட்டாவின் சீதோஷ்ணம் ஓசூருக்கு மிக ஒத்தது; சாமல்பட்டியார் தம் நிலத்தின் வேகத்திற்கேற்பக் கவனத்தை இரட்டித்துக்கொள்ள வேண்டும்.

முறையாவது: கோஸ் 25 வரிசைகளுக்கு ஒருமுறை கடுகு 2 வரிசைகள். அவ்விரண்டில் ஒன்றை, கோஸ் நாற்று நடுவதற்குச் சுமார் 15 நாட்கள் முன்னதாகவே விதைத்துவிட வேண்டும். நாற்று வயலுக்கு வரும்போது கடுகு இலைவிட்டு நெடி வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே நோக்கம். மற்றதை, நட்ட 25 ஆம் நாள் வாக்கில் விதைக்க வேண்டும். முதற் கடுகு பூத்து முற்றி, பூச்சியின் விருப்பத்தை இழக்கும் சமயத்தில் இரண்டாவது இளமையாக இருக்கும். வயலின் இரு ஓரங்களிலும் கடுகு இருக்குமாறு பார்த்துக்கொள்வது உசிதம்.

27 வரிசைகளில் 2 என்றால் நூற்றுக்கு ஏழு பங்கு நிலம் கடுகிற்குப் போகிறது. ஏழு பங்கு கோஸை இழப்பதா என்று கேட்போர் உண்டு. ஏழெட்டு முறை மருந்தடிக்கும் செலவையும், அவ்வாறு அடித்தும் துளை விழுந்து கழித்துவிடும் தலைகளின் எண்ணிக்கையையும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் இக்கேள்வி எழாது. மேலும் இது நம் நாட்டார்க்குப் புதிய வழக்கமுமன்று. கர்நாடக எல்லையோர ராகிக் கொல்லைகளில் மொச்சை, கடுகு, பேய்எள் முதலியவற்றை 'அக்கடி' வரிசையாக இடும் பழக்கம் முன்னோர் காலந்தொட்டு உள்ளது. ராகியில் இட்ட கையால் கோஸிலும் இடுவதற்குத் தயக்கம் எதற்கு?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கடுகு பூச்சியைக் கொல்வதில்லை; கூட்டிச் சேர்க்கிறது. விதைத்துவிட்டுப் பாராமலிருந்தால் அதுவே புழுவுக்குத் தாய்வீடாகி, அங்கு பெருகியவை கோஸின்மேல் படையெடுக்கும். இம்முறை சில இடங்களில் நல்ல பலனும் சில இடங்களில் குறைந்த பலனும் தந்திருப்பதற்கு இக்கவனக் குறைவும் ஒரு காரணம். ஆகையால் கடுகில் புழு கண்டவுடன் கடுகு வரிசைக்கு மாத்திரம் மருந்து தெளிக்க வேண்டும். முற்காலத்தில் இதற்கு டைகுளோர்வாஸ் சொல்லப்பட்டது. அம்மருந்து 2020 ஆம் ஆண்டு முடிவோடு தடை செய்யப்பட்டுவிட்டதாகையால், பழைய துண்டுப் பிரசுரங்களைப் பார்த்து அதைத் தேட வேண்டாம். வேப்பங்கொட்டைச் சாறும், அது போதாதபோது பின்வரும் மருந்துகளில் ஒன்றும் போதுமானவை. கடுகு பூத்திருக்கும்போது தேனீக்கள் மொய்க்குமாதலின் மாலை வேளையிலேயே தெளிக்க வேண்டும்.

நட்டது முதல் தலைகட்டும் வரை

கோஸ் பயிரின் வாழ்நாளில் எல்லா நாட்களும் சமமான அபாயமுள்ளவை அல்ல. நட்டதிலிருந்து தலைகட்டத் தொடங்கும் வரை, அதாவது ஏறக்குறைய முதல் 45 நாட்களே முக்கியமானவை. நடுக்குருத்தும் அதைச் சூழ்ந்த இளம் இலைகளும் கெட்டால் தலை கெட்டுவிடும். தலை நன்கு திரண்ட பின் வெளிப்புற முற்றல் இலைகளில் விழும் துளைகள் விலையைப் பாதிப்பதில்லை. அவ்விலைகளை உரித்துவிட்டே சந்தைக்கு அனுப்புகிறோம். அவற்றைக் கண்டு பதறி மருந்தடிப்பது, உண்பவர் வயிற்றில் விஷத்தைச் சேர்ப்பதைத் தவிர வேறு பயன் தராது. பூக்கோஸ் பயிரிலோ பூ வெளித்தெரியத் தொடங்கிய பிறகும் கவனம் வேண்டும்; புழுவின் எச்சம் பூவில் படிந்தால் வாங்குவார் இல்லை.

நாற்றங்காலைப் பழைய கோஸ் வயலுக்கருகில் போடலாகாது. நெருக்கமான நைலான் வலையால் மூடிய பாத்தியில் நாற்றுவிட்டால் முதற் பூச்சி முட்டையிடுவதைத் தடுக்கலாம். வலையின் ஓரங்களை மண்ணால் மூட மறந்தால் வலை இருந்தும் இல்லாததே. நட்ட பின் வாரம் இருமுறை வயலின் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஏக்கருக்கு 20 செடிகளையேனும் இலை புரட்டிப் பார்த்து, கண்ட புழுக்களை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். செடிக்கு இரண்டு வைரமுதுகுப் புழுக்கள் என்னும் அளவை எட்டினால் தெளிப்பு அவசியம். அதற்குக் குறைந்தால் காத்திருக்கலாம். பெண் பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியைக் கவரும் இனக்கவர்ச்சிப் பொறிகளை ஏக்கருக்கு ஐந்து வைப்பதால் பூச்சி வரவை முன்னறியலாம். பொறியே பூச்சியை ஒழித்துவிடும் என எண்ணுவது தவறு.

தூவல் நீர்ப் பாசனமுடையோர் அந்தி வேளையில் சில நிமிஷம் நீர் தூவினால் பூச்சிகள் கூடுவது தடைப்படும். சிறு புழுக்களும் விழும். இலையில் கருப்பழுகல் நோய் காணும் வயலில் மாத்திரம் இதை நிறுத்திவிட வேண்டும்.

முதற் தெளிப்பு வேப்பங்கொட்டைச் சாறாக இருத்தல் நலம். ஓடு நீக்கிய வேப்பம் பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் பால்போல் வரும்வரை கலக்கி, இரட்டைத் துணியில் வடித்து, 100 லிட்டராகப் பெருக்கிக்கொள்ள வேண்டும். கோஸ் இலையின்மேல் மெழுகு போன்ற பூச்சு இருப்பதால் வெறும் சாறு முத்துமுத்தாக உருண்டு கீழே விழும். ஆதலால் சோப்புக் கரைசல் சிறிது சேர்ப்பது கட்டாயம். இதைப் புதிதாகவே தயாரித்து அன்று மாலையே, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும். கைத்தெளிப்பானின் குழல் முனையை மேல்நோக்கித் திருப்பிக்கொள்ளாமல் தெளிப்பது, புழு இல்லாத பக்கத்தை நனைப்பதாகும்.

இதற்கும் அடங்காவிடில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, தலைகட்டுவதற்கு முன் மாலையில் தெளிக்கலாம். வெயிலில் அதன் வீரியம் கெடும். புழு அதைத் தின்ற பின்னரே சாகுமாதலால் இரண்டு மூன்று நாட்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் புழு உயிரோடிருப்பதைக் கண்டு வேறு விஷத்தை அடிக்கலாகாது. குளவிகளுக்கு இதனால் கேடில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் மறக்கக் கூடாத அபாயம் ஒன்றுண்டு. பட்டுப்பூச்சியும் ஒரு புழுவே. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்பெரித் தோட்டங்கள் மிகுதி. இப்பாக்டீரியாவும், குளோரன்ட்ரானிலிப்ரோல் போன்ற மருந்துகளும் காற்றில் சென்று மல்பெரி இலையிற் படிந்தால், அவ்விலையைத் தின்ற பட்டுப்புழுக்கள் மடியும். பக்கத்து நிலம் மல்பெரியாயின், காற்றின் திசையைப் பார்ப்பதோடு அந்நிலத்தாருக்கு முன்கூட்டியே சொல்லி, அவர் இலை பறித்த பின் தெளிப்பதே முறை. ஒரு வேளைத் தெளிப்பால் அண்டை வீட்டார் ஒரு மாதத்து உழைப்பை இழந்து, இரு குடும்பங்களுக்கும் தீராப் பகை நேரிட இடமுண்டு.

இரசாயன மருந்து வேண்டியே தீருமானால் ஸ்பைனோசாட், எமாமெக்டின் பென்சோயேட், குளோரன்ட்ரானிலிப்ரோல் ஆகியவை கோஸ் பயிருக்கென்று பதிவு பெற்றவை. இவை மூன்றும் வெவ்வேறு வகையில் புழுவைத் தாக்குவன. ஒரு தலைமுறைக் காலமாகிய மூன்று வாரங்களுக்கு ஒன்றையும், அடுத்த மூன்று வாரங்களுக்கு வேறொன்றையும் கையாள வேண்டும். இரண்டு மூன்றை ஒன்றாகக் கலந்தடிப்பது, எல்லாவற்றையும் தாங்கும் புழுவை வேண்டி விரும்பி வளர்ப்பதாகும். கடையில் வேறு பெயரில் விற்பதெல்லாம் வேறு மருந்தல்ல. டப்பாவின்மேல் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பார்த்தே மாற்ற வேண்டும். அளவையும், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களையும் அதே சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். மோனோகுரோட்டோபாஸ் காய்கறிகளுக்கு 2005 ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. அதை இன்னும் கோஸுக்குச் சொல்லிக்கொடுப்பவர் எவராயினும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஊர் கூடிச் செய்யவேண்டியது

இதுவரை கூறியவை ஒருவர் தம் வயலில் செய்யக்கூடியவை. அறுவடையான பின் அடிக்கட்டைகளை அப்படியே விட்டுவைப்பதால் விளையும் கேடு ஊர் முழுவதற்கும் உரியது. வெட்டிய கட்டை துளிர்விட்டு, மருந்துமில்லாமல் காவலுமில்லாமல் நிற்கும். அடுத்த வயலின் நாற்றுக்குரிய பூச்சி முழுவதும் அங்கேதான் பிறக்கிறது. கடைசித் தலையை வெட்டிய வாரத்திற்குள் கட்டைகளைப் பிடுங்கி உழுது மண்ணில் புதைக்க வேண்டும். அல்லது மாட்டுக்குப் போட்டுவிட வேண்டும். கழித்த இலைகளை வாய்க்கால் கரையில் குவிப்பதும் கூடாது.

அதைவிட முக்கியம், ஒரே கிணற்றுப் பரப்பிலுள்ளவர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்து, பின்னர் ஒரு பருவம் ராகியோ பயறோ விதைத்துக் கடுகுக் குடும்பத்துப் பயிரே இல்லாத இடைவெளியை உண்டாக்குவது. ஒருவர் நிலத்தில் முற்றிய கோஸும் அடுத்தவர் நிலத்தில் இளங்கோஸும் மாறிமாறி நின்றால் பூச்சிக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. எந்த சர்வே நம்பரில் எந்தப் பயிர் எப்பொழுது வைக்கப்பட்டது என்பது அடங்கலில் பதிவதால், கிராம நிர்வாக அலுவலரை விட இதை நன்கறிந்தவர் ஊரில் இல்லை. நாற்றுவிடும் பருவத்திற்கு முன், கோஸ் வைக்கும் குடிகளை ஊராட்சி மண்டபத்தில் ஒருமுறை கூட்டி, நடவுத் தேதியைப் பேசி முடிவு செய்ய அவரும் ஊராட்சித் தலைவரும் முயலலாம். சட்டத்தின் வலுவால் இது ஆகக்கூடியதன்று. ஒருவர் மறுத்தால் வற்புறுத்த வழியில்லை. ஆயினும் பத்துப் பேரில் எண்மர் இணங்கினாலும் பூச்சியின் அளவு குறையவே செய்யும்.

மருந்தடித்தும் சாகாத புழுக்களைக் கண்டால், அவற்றில் இருபது முப்பதை இலையோடு, காற்றுப் புகும்படி துளையிட்ட டப்பாவில் போட்டு, காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திற்கோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திற்கோ தாமதமின்றிக் கொண்டுபோய்க் காட்டலாம். நாற்று நட்ட தேதி, அதுவரை தெளித்த மருந்துகளின் பெயர், தெளித்த தேதிகள் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதி உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.